தாடி வைத்த நிறைமாசக்காரி

முத்தையாபுரம் சண்முகசுந்தரியிடம் அந்த வருஷம் இரண்டு பேர் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். ஒருவர், பாளையங்கோட்டை ரோட்டில் குழந்தைப்பேறு சிகிச்சை செய்கிற டாக்டரம்மா. இன்னொருவர், சுங்கத் தேர்வுக்கு ஆன்லைனில் வகுப்பெடுக்கிற சென்னை சார். "முதல்ல மனசைத் தயார் பண்ணிக்கோங்க." வரும்போது ஒரு பெட்ஷீட் கொண்டுவாருங்கள் என்கிற தொனியில்தான் இருவருமே சொன்னார்கள். அது எந்தக் கடையில் கிடைக்கும், துவைத்தால் சுருங்குமா என்கிற விவரத்தை இருவரும் சொல்லவில்லை.

துறைமுகத்துக்கு வருகிற சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் ஏஜென்ஸி ஒன்றில் சுந்தரிக்கு வேலை. கையில் இருப்பது எச் கார்டு. எச் கார்டுக்காரர் காகிதங்களைத் தயாரிக்கலாம், ஒத்துப் பார்க்கலாம், தூக்கிக்கொண்டு சுங்க அலுவலகத்தின் மாடிப்படிகளில் ஏறி இறங்கலாம். கையெழுத்து மட்டும் போடக் கூடாது. அதற்கு ஜி கார்டு வேண்டும், ஜி கார்டுக்குத் தேர்வு எழுத வேண்டும். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருகிற முந்திரிக்கொட்டைக்குக்கூடத் தூத்துக்குடி கேட்டைத் தாண்ட ஒரு மனிதக் கையெழுத்து வேண்டும். அது சுந்தரியுடையதாக இருக்க முடியாது. இதுதான் சட்டம்.

போன வருஷம் தேர்வும் எழுதினாள், சிகிச்சையும் எடுத்தாள். தேர்வு முடிந்த கையோடு செய்தித்தாள் ஓரங்களில் கையெழுத்துப் போட்டுப் பழகினாள். கருவை உள்ளே வைத்த பிறகு வேகத்தடையைக் கண்டால் ஸ்கூட்டரிலிருந்து இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு தாண்டினாள். இரண்டும் கைகூடவில்லை. ஒரே மாதத்தில் இரண்டு 'இல்லை' வந்தன. அதற்குப் பிறகு வேகத்தடையில் ஸ்கூட்டரை விட்டு இறங்குவதை நிறுத்தினாள். ஆனால் ஒவ்வொரு தடையிலும் இறங்க நினைத்தது கால்.

அதனால் இந்த வருஷம் மனசைத் தயார் செய்ய அவளே ஒரு முறை கண்டுபிடித்தாள். மதியச் சாப்பாடு வரைக்கும் நம்பலாம். சாப்பிட்டுக் கை கழுவியதும் நம்பிக்கையையும் கழுவிவிட வேண்டும். அதன் பிறகு வேலை, படிப்பு, வயிற்றில் போட்டுக்கொள்ளும் ஊசி, தூக்கம். பிள்ளைப் பேச்சு மறுநாள் விடிந்த பிறகுதான். இந்தச் சட்டம் வீட்டில் கணவன் சுடலைராஜுக்கும் பொருந்தும் என்று அறிவித்துவிட்டாள். கண்டெய்னர் லாரி ஓட்டுகிற சுடலைராஜ், சட்டம் எதுவானாலும் தலையாட்டிப் பழகியவன். தலையாட்டினான்.

புரட்டாசியில் அவன் குலசைக்குப் போய் மாலை போட்டுக்கொண்டு வந்தான். இதில் அவள் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு மாலை போடாத வீடு அந்தத் தெருவில் கிடையாது. ஒருவேளைச் சாப்பாடு, தனிப் பாய், பெண்வாடை படாத விரதம். தசராவுக்குக் கொடியேறியதும் கையில் மஞ்சள் காப்பு. பிறகு அவரவர் நேர்ந்துகொண்ட வேடம். காளி, எமன், கரடி, குரங்கு என்று போட்டுக்கொண்டு, ஊர் ஊராகக் காணிக்கை கேட்டு, சேர்ந்ததை அம்மன் உண்டியலில் போட்டுவிட்டுத்தான் காப்பைக் களைய வேண்டும். வருஷம் பூராவும் லோனுக்கு அலையவிட்ட வங்கி மேலாளர் குரங்காக வந்து நம்மிடமே கை நீட்டுகிற அதிசயம் இந்தக் கரையில்தான் நடக்கும்.

"இந்த வருசம் என்ன நேர்ச்சை?" என்று கேட்டாள்.

"ஒன் பரிட்சைக்குத்தான்."

"என்ன வேசம்?"

"அது தசரா செட்டு ஆளுக எல்லாருமாப் பேசித்தான்ளா முடிவாவும்."

சாப்பாட்டுக்குப் பிந்திய நேரம். அவள் சுங்கச் சட்டத்தின் பக்கத்தைப் புரட்டினாள்.

தசராவுக்குக் கொடியேறியது. சுடலைராஜ் லாரியை விட்டுவிட்டு, காப்புக் கட்டிக்கொண்டு, செட்டோடு குடிலில் தங்கப் போனான். சுந்தரி ஊசிகளோடும் புத்தகங்களோடும் வீட்டில் இருந்தாள். தேர்வு அந்த வாரமே வந்தது. முட்டைகளும் அந்த வாரமே முற்றின. ஸ்கேன் திரையில் கறுப்பு வட்டங்கள் நாலு தெரிந்தன. முத்துக்குளித்துறை ஊர்க்காரர்களுக்கு வட்டமாக எதைக் கண்டாலும் முத்து என்று சொல்லிவிடுகிற வியாதி உண்டு, நர்ஸும் வாயெடுத்தாள். "வேண்டாம் சிஸ்டர். முட்டைன்னே சொல்லுங்க. அதுவே பெரிய விசயம்" என்றாள் சுந்தரி.

நர்ஸ் சொன்னதாவது: இன்றைக்கு ராத்திரி கடைசி ஊசி. நாளை விட்டு மறுநாள் காலையில் முட்டைகளை எடுப்பார்கள். "வரும்போது சாரையும் கூட்டிட்டு வந்துருங்க. அவரு சாம்பிள் குடுக்கணும்லா."

சுந்தரி தலையாட்டிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள். மூணாவது மைல் தாண்டும்போதுதான் உறைத்தது. வண்டியை ஓரம் கட்டினாள்.

காப்பு.

அவன் விரதத்தில் இருக்கிறான். மனசில்கூட அந்த நினைப்பு வரக் கூடாத விரதம். ஆஸ்பத்திரியில் கேட்பதோ ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பி. அதை நிரப்புவதற்கு அந்த நினைப்பைத் தவிர வேறு வழி எதையும் விஞ்ஞானம் கண்டுபிடிக்கவில்லை. இன்வாய்ஸையும் பேக்கிங் லிஸ்டையும் ஒத்துப் பார்த்தே சம்பளம் வாங்குகிறவள், ஆஸ்பத்திரித் தேதியையும் குலசைத் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்கவில்லை. ஒன்று உடம்பு, ஒன்று சாமி. இரண்டும் வேறு வேறு துறைமுகத்துக்கு வருகிற கப்பல்கள் என்று நினைத்துவிட்டாள். அவனும் அப்படியே நினைத்திருக்கிறான்.

ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் முட்டைகளைக் கவனிக்கிற ஜெர்லினுக்கு அங்கிருந்தே போன் போட்டாள்.

"ஐயோ அக்கா! மாலை போடுதவங்க எல்லாரும் முன்னாடியே வந்து குடுத்து, ஃப்ரீஸ் பண்ணி வச்சிட்டுல்லா போவாங்க. புரட்டாசின்னா எங்க டேங்க் ஃபுல்லு. நீங்க ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் கேக்கல?"

"சுகர் இருக்கா, பிரஷர் இருக்கான்னு ஃபார்ம்ல இருக்கு. மாலை போட்டிருக்காரான்னு இல்லக்கா."

"தள்ளிப் போட முடியாதா?"

"முட்டை காத்திருக்காது. வேணும்னா எடுத்து, முட்டையவே ஃப்ரீஸ் பண்ணலாம். ஆனா அது பூ மாதிரி. உருக்கும்போது எத்தனை நிக்கும்னு கையடிச்சுச் சொல்ல முடியாது. ஒண்ணுகூட நிக்காமப் போனதும் உண்டு. ஒங்களுக்கு நாலுதான் இருக்கு. டாக்டரு அன்னைக்கே சேத்துரத்தான் சொல்லுவாங்க. அண்ணன்ட்ட பேசிப் பாருங்க."

பொழுது சாய்கிற நேரத்தில், உப்பளத்தை ஒட்டிப் போட்டிருந்த தசராக் குடிலுக்குப் போனாள். வாசலில் காளி உட்கார்ந்து சுக்குத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். மளிகைக்கடை ராஜதுரை அண்ணாச்சிதான். கிரீடத்தையும் உபரிக் கைகளையும் கழற்றி ஓலையில் சாய்த்திருந்தார். பக்கத்தில் ஒரு கரடி, தலையை அக்குளில் இடுக்கிக்கொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தது. அது உப்பளத்தில் வேலை பார்க்கிற மாசானம்.

"ஏளா சுந்தரி, நீ எங்க இங்கன? குடிலுக்குள்ள பொம்பளையாளு வரப்பிடாது" என்றார் காளி.

"வரல அண்ணாச்சி, வெளியதான் நிக்கேன். அவங்களக் கூப்புடுங்க."

காளியும் கரடியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவன் வேசத்துல இருக்கானே."

"நீங்க என்ன கோட்டு சூட்டா போட்டிருக்கீங்க?"

கரடி எழுந்து உள்ளே போயிற்று. கொஞ்ச நேரத்தில் சுடலைராஜ் வெளியே வந்தான்.

சிவப்புச் சேலை. கை நிறையக் கண்ணாடி வளையல். தலையில் பிச்சிப்பூ. விரதத்தில் மழிக்காத தாடி. வயிற்றில் தலையணை. ஒரு கை இடுப்பைத் தாங்க, மறு கை வயிற்றின் அடியில் இருந்தது. பாதத்தை அகட்டி, குதிகாலைப் பார்த்து வைத்து, ஒவ்வொரு அடியாக வந்தான். நிறைமாசக்காரி. எங்கே பார்த்தான், எத்தனை பெண்களின் நடையை லாரியின் கண்ணாடி வழியாகக் கவனித்திருந்தான் என்று தெரியாது. அந்த நடையில் விளையாட்டு இல்லை. சுந்தரி கேலி பேசத் திறந்த வாயை மூட மறந்து நின்றாள். அம்மன் தேரே திருப்பத்தில் அசைந்து வந்திருந்தாலும் அப்படி நின்றிருக்க மாட்டாள்.

"சிரிச்சிராதீக மதினி" என்றான் மாசானம் மெதுவாக. "காயாமொழில, உடன்குடில, எங்கயும் ஒரு ஆளு சிரிக்கல. எம்மேல மட்டும் கல்லு எறியுதானுவ."

"பரிட்சைக்குன்னு சொன்னீங்க" என்றாள் சுந்தரி.

"பரிட்சைக்குந்தான்."

"எந்த ஆபீசு பரிட்சைக்கு இந்த யூனிபாரம்?"

சுடலைராஜ் காப்புக் கையால் தலையணையைச் சரிசெய்தான். "மதியத்துக்குப் பொறவு வீட்ல பிள்ளப் பேச்சு எடுக்கப்பிடாதுன்னு சொல்லிட்ட. நான் வேலைய முடிச்சு வீட்டுக்கு வாரதே பொழுது அடைஞ்சுதான். எனக்கு எந்நேரந்தாம்ளா நம்புறது?"

நம்பிக்கைக்கு ரேஷன் போட்டவள், இன்னொரு கார்டுதாரர் இருப்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. அவன் தன் பங்கைத் தூக்கிக்கொண்டு குலசைக்குப் போயிருக்கிறான். அதை வயிற்றுக்கு மேலே கட்டிக்கொண்டு ஊர் ஊராக நடந்திருக்கிறான்.

வந்த காரியத்தைச் சொன்னாள். மெதுவாகச் சொன்னாலும் உப்பளக் காற்று அதைக் காளியிடமும் கரடியிடமும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது.

"என்ன சாம்பிளு மதினி? ரத்தமா? என் ரத்தம் வேணும்னாலும்…"

"ஏலே கரடி, வாய மூடுல!" என்று அதட்டிய காளி, இரண்டு நிமிஷம் யோசித்து, விஷயம் விளங்கி, திருநீற்றைத் தேடி நெற்றியில் பூசிக்கொண்டார்.

பிறகு அங்கே நடந்த விவாதத்தைப் போல எந்த மருத்துவ மாநாட்டிலும் நடந்திருக்காது.

"காப்புக் கட்டுன கை. அம்மைக்குக் குடுத்த வாக்கு. நடுவுல அசைக்கப்பிடாது" என்றார் காளி.

"அண்ணாச்சி, அவன் அம்மைட்ட கேட்டது என்ன? பிள்ள. அவ இந்தா பிடின்னு நீட்டுதா. இவன் விரதம்னு கைய மடக்குனா அவளுக்குக் கோவம் வராதா?"

"அப்படிப் பாத்தா விரதம் எதுக்குல?"

"அதத்தான் நானும் கேக்கேன்."

"நீ கரடியா இரு, போதும்."

"கரடின்னா நியாயம் பேசப்பிடாதா?"

ராஜதுரை அண்ணாச்சி சுந்தரியைப் பார்த்தார். சாயம் பூசிய முகத்தில் கண் மட்டும் மளிகைக்கடைக் கண்ணாக இருந்தது. "எனக்குத் தெரியலளா. புளி என்ன வெலன்னு கேளு, சொல்லுதேன். இது எனக்கு எட்டல. பூக்கட்டிப் பாப்பமா? வெள்ளப் பூ ஒரு பொட்டலம், செவப்புப் பூ ஒரு பொட்டலம். அம்மை முன்னால போட்டு, யாராவது ஒண்ண எடுக்கட்டும். அவளே சொல்லட்டும்."

"அண்ணாச்சி, நாளன்னிக்கு மறுநா எனக்குப் பரிட்சை. அங்கயும் நாலு விடை குடுத்து ஒண்ணத் தொடச் சொல்லுவாங்க. கண்ண மூடிட்டுத் தொட்டுத்தான் போன வருசம் பெயிலானேன்."

சுடலைராஜ் அதற்குள் முடிவுக்கு வந்திருந்தான். காப்புக்கு அடியில் விரலை விட்டான். "அத்துருதேன். வருத்தம் இல்ல. அவகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

மஞ்சள் நூல் தசையில் பதிந்தது. சுந்தரி அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள். விரதக்காரனைத் தொடக் கூடாது என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை.

"வேண்டாம்" என்றாள். "முட்டை நாலுதான். நிக்குமோ போவுமோ, எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா நீங்க இத அத்துட்டுப் பிள்ள பொறந்தா, அதுக்கு ஒரு சளி புடிச்சாலும் மருந்துக்கடைக்கு ஓடமாட்டீங்க, இந்தக் கையத்தான் பாத்துட்டு உக்காந்திருப்பீங்க. பள்ளிக்கூடத்துல விழுந்தா கையப் பாப்பீங்க. பத்தாங்கிளாசு மார்க்கு கொறஞ்சாலும் கையப் பாப்பீங்க. ஒரு பிள்ளைய ஆயுசுக்கும் அப்படிப் பாக்க வேண்டாம். முட்டை ஐஸ்ல இருக்கட்டும். காப்பு களையுற அன்னைக்குக் களையட்டும்."

"நிக்கலைன்னா?"

"நிக்கலைன்னா ரெண்டு பேரும் அழுவோம். மதியத்துக்குப் பொறவும் அழுவோம்."

கரடி தன் தலையை எடுத்து மாட்டிக்கொண்டது. அழுவது தெரியாமல் இருக்க உலகத்தில் அதைவிட வசதியான உடுப்பு கிடையாது.

முட்டை எடுத்த காலையில் ஒரு வேடிக்கை நடந்தது. வேடிக்கை என்று ஆரம்பித்தது, அப்படி முடியவில்லை. சுந்தரியை உள்ளே கொண்டுபோய் மயக்க ஊசி போட்ட சமயம், ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு வேன் வந்து நின்றது. மேளம் இறங்கியது. பின்னால் காளி, கரடி, கடைசியாக நிறைமாசக்காரி. காப்புக் கட்டிய கை ஆஸ்பத்திரிக்குள் வரக் கூடாது. ரோட்டில் நிற்கக் கூடாது என்று சட்டம் இல்லையே. சுடலைராஜ் கண்டுபிடித்த சந்து அது.

வரவேற்பறையில் டோக்கனோடு உட்கார்ந்திருந்த பெண்கள் மேளச் சத்தம் கேட்டு வெளியே வந்தார்கள். எல்லாரும் ஒரே காரியத்துக்குக் காத்திருப்பவர்கள். காத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்; ஒவ்வொருத்திக்கும் சுவரில் தொங்குகிற குழந்தைப் படம் ஒன்றுதான் சிநேகிதி. அவர்கள் படிக்கட்டில் நின்று, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற தாடிக்கார நிறைமாசக்காரியைப் பார்த்தார்கள். விரட்ட வந்த வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். மஞ்சள் கயிறு இன்னும் நிறம் மங்காத ஒருத்தி ரோட்டைக் கடந்து போனாள். காணிக்கைத் தட்டில் போடுவாள் என்று பார்த்தால், தன் கையிலிருந்து ஒரு கண்ணாடி வளையலைக் கழற்றி அவன் கையில் ஏற்றினாள். முழங்கையை நெருங்கி ஏற்கனவே வளையல், ஏறவில்லை. பக்கத்தில் வந்து நின்ற நடுவயதுப் பெண் ஒருத்தி, பர்தாவை ஒதுக்கிவிட்டு, அவன் கையை அமுக்கிப் பிடித்துக்கொடுத்தாள். ஏறிற்று. பிறகு இன்னொருத்தி வந்தாள். மேளக்காரன் கோலைக் கீழே விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். பாளையங்கோட்டை ரோட்டில் ஹாரன் அடிக்காத ஐந்து நிமிஷம் அதற்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. எதையும் நக்கலடிக்கிற ஆளாக ஒருவன் அங்கே நின்றிருந்தாலும், அவனுக்கும் வாயில் ஒன்றும் வந்திருக்காது.

உள்ளே நாலு முட்டைகளும் ஐஸுக்குப் போயின.

மறுநாள் சுந்தரி, அடிவயிறு வலிக்க, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து தேர்வு எழுதினாள். பண்டகசாலையில் காப்பில் வைத்த சரக்கைப் பற்றி ஒரு கேள்வி இருந்தது: கரையில் இறங்கிவிட்டது, ஆனால் இன்னும் ஊருக்குள் வரவில்லை, அதன் நிலை என்ன, யார் பொறுப்பு? கேள்வித்தாள் தயாரித்தவருக்கு எதுவும் தெரிந்திருக்க நியாயமில்லை. சுந்தரி அந்தக் கேள்வியைத் தேவைக்கு அதிகமாகக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விடையைத் தொட்டாள்.

தசரா முடிந்தது. சூரனை வதைத்தார்கள். குலசைக் கடற்கரையில் காளிகளும் எமன்களும் சாயத்தைக் கழுவிவிட்டு மளிகைக்கடைக்கும் லாரிக்கும் திரும்பினார்கள். சுடலைராஜும் காப்பை முறைப்படி களைந்தான். தாடியை எடுத்தான். வளையல்களை மட்டும் உண்டியலில் போட மனம் வராமல் கோயில் வேப்பமரத்தில் கட்டிவிட்டு வந்தான்.

தேர்வு முடிவு ஐப்பசியில் வந்தது. தேறிவிட்டாள். அலுவலகத்தில் மக்ரூன் வாங்கிக் கொடுத்தாள். முதல் கையெழுத்தை ஒரு முந்திரிக்கொட்டைச் சரக்குக்குப் போட்டாள். அன்று பேனா பிடித்தபோதும் மனசு ஜெர்லினின் டேங்கில்தான் கிடந்தது. நம்பிக்கைக்கு நேரம் ஒதுக்குகிற சட்டம் வீட்டில் எப்போது காலாவதியானது என்று இருவருக்கும் நினைவில்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போதும் பேசினார்கள். பயந்தார்கள். திரும்பவும் பேசினார்கள்.

கார்த்திகையில் முட்டைகளை உருக்கினார்கள். சுடலைராஜ் இந்த முறை குப்பியை வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய், ஒரு வார்த்தை பேசாமல் வெளியே வந்தான். மறுநாள் ஜெர்லின் போன் செய்தாள். ஒன்று உருகும்போதே போய்விட்டது. இரண்டு நின்றன, சேரவில்லை. "ஒண்ணு சேந்திருக்கு அக்கா. இப்போதைக்கு நல்லாருக்கு. நாளைக்கும் கூப்புடுதேன்." மறுநாளும் கூப்பிட்டாள். அதற்கு மறுநாளும்.

கருவை உள்ளே வைக்கிற அன்றைக்கு, பச்சை உடுப்பும் தொப்பியும் மாட்டி, சுடலைராஜையும் உள்ளே விட்டார்கள். சுந்தரி மேசையில் படுத்திருந்தாள். சுவரில் ஒரு திரை. ஜெர்லின் உள்ளறையிலிருந்து எதையோ திருப்ப, திரையில் ஒரு வட்டம் வந்து நின்றது. மங்கலான ஒளியில், உள்ளே சின்னச் சின்ன அறைகளாக ஒன்றையொன்று அணைத்துக்கொண்டு இருந்தது. ஒரு மணல் பருக்கைக்கும் கீழே அதன் அளவு. அது அசையவில்லை. ஆனால் அசைவற்ற எதுவும் அப்படிப் பார்த்துக்கொண்டிருக்க வைக்காது.

"இதுதான்" என்றாள் ஜெர்லின்.

சுடலைராஜ் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்: "நாம பேசுறது அதுக்குக் கேக்குமா?"

"காது முளைக்க இன்னும் நாள் கெடக்குண்ணே. இது வயித்துல ஒட்டுனாத்தான் மத்ததெல்லாம். ஒட்டுமான்னு இப்பச் சொல்ல முடியாது."

"தெரியும்" என்றாள் சுந்தரி மேசையிலிருந்து. "இருந்தாலும் மெதுவாப் பேசுங்க."

அதன் பிறகு அந்த அறையில் டாக்டரம்மாவும்கூடக் கிசுகிசுப்பாகவே பேசினார்.